அக்கா பாடாத பதில்

எழுதும் தகுதி எனக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். கோயில் காரியங்களை எழுதச் சாமியார்களும் படித்தவர்களும் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் பாட்டு அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற அந்தச் சிறு நேரத்தைப் பற்றி ஷார்ஜாவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் ஸ்டோர் கீப்பர் வேலை. வருகிற ஒவ்வொரு பேரிங்கையும் ஃபில்டரையும் திருப்பிப் பார்த்து, ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். டப்பா எவ்வளவுக்கெவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு சந்தேகப்பட வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்து மனிதர்களையும் அப்படிப் பார்க்கப் பழகிவிட்டேன். "நீங்க சாமியாரக்கூட திருப்பிப் போட்டு சீல் இருக்கான்னு பாப்பிய" என்று என் மனைவி ஊரிலிருந்து போனில் கிண்டல் செய்வாள். கோயிலிலும் எனக்கு வாய்த்தது பார்க்கிற வேலைதான். வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பாட்டு வரிகளைத் திரையில் மாற்றிக்கொண்டிருப்பேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நான் எல்லாரையும் பார்ப்பேன்.

பாட்டு அக்கா ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்தார். என்னைப் போலவே கன்னியாகுமரிக் கரைக்காரர். குழுவில் இசை படித்தவர்கள் சிலர் இருந்தாலும், முதல் வரியை எடுத்துக் கொடுப்பது அக்காதான். அவர் குரலில் இனிமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காற்றடிக்கிற இடத்தில் பாடிப் பழகிய குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேரும். அவருடைய கணவர் அஜ்மான் பக்கம் ஒரு அரபியின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் போன லாஞ்ச் திரும்பவில்லை. உடைந்த பலகைகூடக் கிடைக்கவில்லை. மூழ்கியிருக்கும் என்றார்கள் சிலர். எல்லை தாண்டி வளைகுடாவின் அக்கரை நாட்டில் பிடிபட்டு எங்கோ சிறையில் இருப்பார்கள் என்றார்கள் சிலர். அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு வீட்டு வேலை விசாவில் இங்கே வந்து, பின்னால் கிளினிக்குக்கு மாறினார்.

நவம்பர் மாதம் எங்கள் தமிழ்ப் பூசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலென்றால் கல்லறைத் திருநாளுக்குக் குழிமேட்டைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவத்தி கொளுத்தலாம். இங்கே இருப்பவனுக்கு அது முடியாது. அதனால் நற்கருணைக்குப் பிறகு, இறந்தவர்களை உடையவர்கள் வரிசையாக வந்து மைக்கில் பெயரையும் உறவையும் சொல்லுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அக்கா, இறந்தவரின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி வேண்டும் பதிலை ஒரு வரி பாடுவார். கோயில் முழுக்க அதைத் திருப்பிப் பாடும். அப்பாவின் பெயரைச் சொல்ல வந்து பாதியில் உடைந்து அழுகிறவர்களையும் அக்காவின் அந்த ஒரு வரி தூக்கி நிறுத்திவிடும். ஆனால் அக்கா தன் கணவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

இதைப் பற்றிப் பேச்சு இல்லாமல் இருக்குமா? பூசை முடிந்து முற்றத்தில் டீ குடிக்கும்போது காதில் விழும்.

"ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் பாடுறா. கட்டினவன் பேரச் சொல்ல மட்டும் நாக்கு வரல பாத்தியா?"

"செத்திருந்தாதானே சொல்லுவா. அவன் மஸ்கட்டுல இன்னொருத்திகூட இருக்கானாம். எங்க ரூம் பையன் பாத்திருக்கான்."

"ஓங்க ரூம் பையன் எதத்தான் பாக்கல?"

சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். எனக்கும் சந்தேகம் உண்டு. பூசை முடிந்ததும் எல்லாரும் பஸ் ஏறுகிற பக்கம் அக்கா வரமாட்டார். கையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு எதிர்த்திசையில் நடந்துபோவார். யாருக்குச் சோறு என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த கையோடு, லாஞ்ச் எஞ்சின் ஒன்றுக்கு அவசரமாகப் பம்ப் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி கராஜிலிருந்து என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அக்காவைப் பார்த்தேன். அக்கரையிலிருந்து சரக்கு ஏற்ற வந்திருந்த கிழவர் ஒருவருக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டி, "பாய், இஸ்கோ தேக்கா?" என்று, இவரைப் பார்த்தீர்களா என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார். கிழவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "மாஃபி." இல்லை என்று அர்த்தம். அக்கா போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த லாஞ்சுக்குப் போனார். நான் கிரேனுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவர் போன பிறகு பம்பைக் கொடுத்தேன். முற்றத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் அக்காவின் கொழுந்தன் தம்மாமிலிருந்து விசிட்டில் வந்தார். அவரும் மீன்பிடிக்கிறவர்தான். நல்ல மரியாதையான பேச்சு. வந்த வாரமே குழுவில் எல்லாருக்கும் கருவாடு கொடுத்தார். நாற்காலி தூக்கிப் போட்டார். மூன்று நாளில் முற்றத்தில் எல்லாருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். எனக்கு மட்டும் டப்பா ரொம்பப் பளபளப்பாகத் தெரிந்தது. ஒத்திகை நடக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பேரு சொல்லணும்னா யாருகிட்ட முன்னாடி சொல்லணும்?"

"யாருகிட்டயும் வேண்டாம். வரிசையில நின்னாப் போதும்."

"ஒவ்வொரு பேருக்கும் மயினிதான் பாடுவாவளா? வேற யாரும் பாடமாட்டாவளா?"

"அக்காதான்."

"போன்ல வீடியோ எடுத்தா ஒண்ணும் சொல்லமாட்டாவதானே?"

பெயர் சொல்ல வருகிறவனுக்குப் பதில் பாடுவது யாராக இருந்தால் என்ன? ஒத்திகை முடிந்ததும், ஒயர் சுற்றுகிற சாக்கில் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, ஒங்க கொழுந்தன் ஒரு மாதிரி விசாரிக்கிறாரு."

"எனக்குத் தெரியாதா தம்பி? அவன் கருவாட்டப் பிரிக்கும்போதே வாடை வந்துட்டு" என்று சிரித்தார் அக்கா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவர்கள் ஊரில் கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் வெறும் சிலுவை நடுவார்கள். ஆனால் மனைவி இருந்தால் அவள் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் நடமாட்டார்கள். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். கண் மூடுவதற்குள் மகனுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்த இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அக்கா சம்மதிக்கவில்லை. அந்த வருடம் எங்கள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மறுநாள்தான் ஊரில் கல்லறை மந்திரிப்பு, சாமியார் கல்லறைகளை ஆசீர்வதிக்கிற நாள்.

"அவன் அண்ணன் பேரச் சொல்லுவான். நான் பழக்கதோசத்துல பாடிருவேன்னு நெனைக்கான். நான் இளைப்பாற்றி பாடுனத வீடியோவுல ஊருக்குக் காட்டினா முடிஞ்சிச்சி. பொண்டாட்டியே செத்தான்னு பாடிட்டா, இனி என்ன கேக்கன்னு குழி தோண்டிருவாவ."

"அப்போ அன்னைக்கு வராம இருந்திருங்கக்கா."

"வராட்டா, மயினி மனசு தேறி ஒத்துக்கிட்டாவ, அழுகைய அடக்க மாட்டாம வரலன்னு சொல்லுவான். வாய் அவனுக்குத்தானே நல்லா இருக்கு."

"என்ன செய்யப்போறிய?"

"தெரியல. நீ ஒனக்க கம்ப்யூட்டரப் பாரு."

அன்று ரூமுக்குப் போன பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன். கொழுந்தனை மட்டும் சந்தேகப்பட என்னால் முடியவில்லை. படுக்கையில் கிடக்கிற தாய் ஒரு இடம் கேட்கிறாள், கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அக்காவுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறதா, இல்லை இத்தனை நாள் மறுத்துவிட்டு இனி எப்படி ஒத்துக்கொள்வது என்கிற வீம்பா? துறைமுகத்தில் அந்தக் கிழவர் கையை விரித்தபோது அக்கா முகத்தில் ஏமாற்றம் தெரிந்ததா, நிம்மதியா? நான் பார்த்தேன். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. வரிசை நடுவழி நெடுக நீண்டது. அப்பா, அம்மா, பைக் விபத்தில் போன தம்பி, பிறந்த அன்றே போன குழந்தை. அக்கா ஒவ்வொன்றுக்கும் பாடினார். அடுத்த பூசைக்கு வந்த பிலிப்பினோக்காரர்கள் கிட்டார்களோடு வாசலில் காத்து நிற்க, சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். கொழுந்தன் வரிசையில் கடைசி ஆள். நேரம் நெருக்கினால் அக்கா யோசிக்க முடியாது என்று கணக்குப் போட்டு நிற்கிறார் என்று எனக்குப் பட்டது.

அவர் வந்தார். ஆனால் பெயரை அவர் சொல்லவில்லை. வீடியோ காலில் இருந்த போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் தலையணையில் சாய்ந்த ஒரு வயதான முகம், பாதி காது. அவருடைய அம்மா. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் தோள் அசைந்ததில் தெரிந்தது. கிழவி மகன் பெயரைச் சொல்லி, "எனக்க மூத்த மவன்" என்றார். ஸ்பீக்கரில் அது கோயில் முழுக்கக் கேட்டது.

கீபோர்டுக்காரர் சுருதி கொடுத்தார். அக்கா பாடவில்லை. மறுபடி கொடுத்தார். அக்கா மைக்கைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது. பின் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. "மயினி, பாடுங்க" என்று கொழுந்தன் மெதுவாகச் சொன்னதை மைக் பிடித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. "அம்மா பாத்துக்கிட்டிருக்கு."

அக்கா பாடத் தொடங்கினார். அது பதில் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமானால், எங்கள் கரையில் பெண்கள் மாதா குருசடி என்கிற சிறு கோயில் முன்னால் கூடி நின்று பாடுகிற பாட்டு. கூட்டிக்கொண்டு வா என்று மாதாவைக் கேட்கிற பாட்டு. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் லேப்டாப்பிலும் இல்லை. திரையில் இளைப்பாற்றி வரி பெரிய எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் திரையை அணைத்தேன். கடல் இல்லாத ஊர்க்காரர்கள் விழித்தார்கள். எங்கள் கரைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது அடி வரும்போது போனுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. நெட்வொர்க் இழுத்து இழுத்து, எங்களுக்கு ஒரு வரி பின்னால் கிழவியும் பாடிக்கொண்டிருந்தார். கொழுந்தன் போனை எடுக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றார். கடைசியில் அவர் உதடும் அசைந்தது.

பாட்டு முடிந்ததும் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார். முற்றத்தில் அன்று டீ தீர்ந்த பிறகும் யாரும் போகவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் இது என்ன கூத்து என்றார் ஒருவர். "ஒனக்கு கடலு தெரியுமாடே? தெரிஞ்சா பேசு" என்றார் இன்னொருவர். அக்கா ஜெயித்துவிட்டார் என்றுதான் பலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதிலும் சந்தேகம்தான். பழக்கத்தில் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று கொழுந்தன் அக்காவைப் பற்றிப் போட்ட கணக்கு, அக்காவிடம் பலிக்காமல் கிழவியிடம் பலித்துவிட்டதோ என்னவோ. ஆயுள் முழுக்கக் கரையில் நின்று பாடிய வாய்க்கு, அந்தப் பாட்டைக் கேட்டால் சும்மா இருக்கத் தெரியாது. மகன் வருவான் என்று நம்பித்தான் அந்தத் தாய் பாடினாளா? அதைக் கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. அடுத்த தவக்காலத்துக்கு முன்பே கிழவி இறந்துவிட்டார்.

இப்போது அக்கா மஸ்கட்டில், ரூவியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அங்கேயும் லாஞ்சுகளில் போய்ப் படத்தைக் காட்டுவதாகக் கேள்வி. எங்கள் பூசையில் வரிசை நிற்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பெயர்களை முன்கூட்டியே போனில் வாங்கி என்னிடம் தருகிறார்கள். நான் திரையில் ஓட்டுகிறேன். ஒரு நர்ஸ் பெண் அழகாகப் பதில் பாடுகிறாள். நேரத்துக்கு முடிந்துவிடுகிறது. நேரம் மிச்சமாவதற்காகத்தான் இந்த மாற்றம் என்று அறிவிப்பில் சொன்னார்கள்.

அக்கா கடல் பாட்டைப் பாடிய அந்தப் பூசைக்கு மறுநாள் சனிக்கிழமை. ஊரில் கல்லறை மந்திரிப்பு நடந்தது. காலையில் அக்காவும் மாமியாரும் போனில் பேசிக்கொண்டார்கள்; கடைசியில் அக்கா சரி என்றாராம். பத்து மணிக்குச் சிலுவையை நட்டார்கள். அதில் பெயர் எழுதவில்லை. கொழுந்தன் மாலை விமானத்தில் தம்மாம் போனார். அக்காவுக்கு அன்று டியூட்டி இருந்தது.