சூசைராஜ் ஐயாவின் குறுக்கு விசாரணை

தொலைபேசியில் என் மகன் குமரன்தான் சொன்னான்: "அம்மா, சூசை சார் போயிட்டாரு." துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் அலுவலகத்தை மூடிவிட்டு, குவீன்ஸ்டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தவர். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கோர்ட்ல வாதாட ஆயிரம் பேர் இருக்காங்க லா. பள்ளிக்கூட வாசல்ல இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்பார் ஐயா.

குமரனுக்குப் போலியோ. இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல். உயர்நிலைப் பள்ளியில் வகுப்பு மூன்றாவது மாடியில் என்று சேர்க்கத் தயங்கினார்கள். தலைமையாசிரியரைப் பார்க்கப் போகுமுன், ஐயா தம் வழக்கப்படி எங்களைக் குறுக்கு விசாரணை செய்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவர் எதிர்த்தரப்பு வக்கீல்.

"படியில விழுந்தா என்ன செய்வே?"

"நான் ஓடிவந்து தூக்குவேன்," என்றேன்.

"உங்கள கேக்கலம்மா."

குமரன் மெதுவாகச் சொன்னான்: "எழுந்துப்பேன் சார். வீட்டுலயே அடிக்கடி விழறேன்."

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும்; எங்கள் மாடியில் நிற்காது. மேல் மாடியில் இறங்கிப் படிக்கட்டில் கீழே வர வேண்டும். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அங்கேதான் விழுந்திருக்கிறான்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா, நீங்க வர்ற வரைக்கும் கீழயே உக்காரச் சொல்வீங்க."

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு இவன் பேசட்டும். நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

மறுநாள் தலைமையாசிரியரும் அதே கேள்வியைக் கேட்டார். குமரன் உடனே பதில் சொல்லவில்லை. நானே சொல்லிவிடலாம் என்று திரும்பினால், ஐயா மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. அத்தனை வழக்குகளில் நின்றவருக்கும் பயம்! பிறகு குமரன், எங்களிடம் சொன்ன அதே பதிலைத் தானே சொன்னான். இடம் கிடைத்தது.

வெளியே வந்ததும் ஐயா சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா அது நம்ம பயம். அத அவன் தலையில ஏத்தக் கூடாது."

குமரன் இப்போது ஜூரோங்கில் வேலை பார்க்கிறான். "சாரைக் கடைசியா பாக்க நானே பஸ்ல வந்துடறேன். என்னைக் கூட்டிப்போக வராதீங்க," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான். வெளியே நல்ல மழை. பஸ் படி உயரம், ஈரத்தில் வழுக்கும். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். பிறகு திரும்பிவந்து, மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயா எனக்கு விட்டுச் சென்றது இதைத்தான்.