திரையில் ஏறும் கோடு

மகள் முதல் முறை அதைச் சொன்னபோது நான் கீழே மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல கோடு வருது" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே ஓடினேன். திரையில் ஒன்றும் இல்லை. அவள் தட்டிக்கொண்டிருந்த கல்லூரி ப்ராஜெக்ட்டின் எழுத்துகள் மட்டும் நின்றன.

"எங்கடி?"

"இப்பப் போயிருச்சு. கீழேருந்து மேல ஏறுச்சும்மா. சாம்பக் கலர்ல."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து திரும்பும்போது சாலை வளைவில் கிடந்த மணலில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஓட்டியது நான். ஹெல்மெட் போட்டிருந்ததும் நான். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தலையில் அடி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். வாந்தி, மயக்கம், பார்வையில் கோடு அல்லது மினுக்கல் இருந்தால் உடனே வரவும் என்று அதில் இருந்தது. அதை பிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன்.

அன்றே ஆட்டோ பிடித்துப் போனோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த முறை கோடு வந்தபோது மறுபடியும் போனோம். மறுபடியும் ஒன்றும் இல்லை.

"தினமும் வருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் டாக்டர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கு அது ஒன்றையும் நினைவுபடுத்தவில்லை. அந்த நாட்களில் சோறு வடிப்பேன், துணி மடிப்பேன், பஸ்ஸில் சில்லறை கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வதுபோல் இருந்தது. அழுகைகூட வரவில்லை.

கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மட்டும் விரும்பினேன். என் கணவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். "அவ ஆறாவது படிக்கையில வாங்குன பொட்டி. அதுக்கு வயசாயிருச்சு, அம்புட்டுதான்" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் போனில் சொன்னபடி, பெட்டியைத் திறந்து மெமரி கார்டை உருவி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் அழித்துத் துடைத்துத் திரும்பச் செருகினேன். அவளுடைய பழைய பென்சில் டப்பாவில் கிடந்த ரப்பர் அது. மறுநாள் அவள் வேலை செய்த அரைமணி நேரமும் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். கோடு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் கீழே இருந்தபோது வந்தது.

மானிட்டரையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி சிம்மக்கல்லில் இருந்த அந்த மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன். என்னைவிட மூத்தவர். சாயங்காலம் எடுக்கப் போனபோது, காலையிலிருந்து ஓடவிட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

"கல்லு மாதிரி நிக்குதும்மா. ஒரு கோளாறும் இல்ல."

"நல்லாப் பாருங்கண்ணே. எங்கயாச்சும் இருக்கும்."

"பொட்டி நல்லா இருக்குன்னா எல்லாரும் சந்தோசப்படுவாக. நீங்க என்னம்மா, எழவு சேதி கேட்ட மாதிரி நிக்கிறீக?"

திரும்பி வரும்போது மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். அதன் கறுப்புக் கண்ணாடியில் என் கழுத்து மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "வரலம்மா" என்பாள். ஸ்கேன் எந்திரத்துக்குள் மறுபடியும் படுக்க அவளுக்கு இஷ்டமில்லை. எனக்கு அது கோடு வந்ததைவிடப் பெரிய பயமாக இருந்தது. அவள் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று இனி எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

ஒரு நாள் என் கணவர் லீவு போட்டிருந்தார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்ததும் அவரே கீழே இறங்கினார். நான் கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தையல் போட்ட பக்கம் முடி குட்டையாக முளைத்திருந்தது. சீப்பு அங்கே படாமல் வாரினேன். அவள் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது.

திரையின் அடியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. சாம்பல் நிறம். லேசாக நடுங்கிக்கொண்டே மேலே ஏறி, உச்சியில் மறைந்து, மறுபடியும் அடியிலிருந்து வந்தது.

அவள் விரல்கள் நின்றன.

"கோடு வருது" என்றேன்.

அவள் திரும்பினாள். "உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

"சத்தியமா?"

"இந்தா, இப்ப உன் பேருகிட்ட ஏறுது."

கீழேயிருந்து அவர் கத்தினார். "டிரம்மு நெறஞ்சிருச்சு, நிறுத்திரவா?"

"நிறுத்தாதீங்க!"

"என்னது?"

"ஓடட்டும்! நிறுத்தாதீங்க!"

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். மோட்டாரை ஓடவிட்டு யாரும் நகர மாட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதை நிறுத்திவிட்டுத்தான் படியேறியிருக்கிறேன். பெற்ற பிள்ளை கூப்பிட்டபோதும் நிறுத்திவிட்டுத்தான் ஓடியிருக்கிறேன். கீழ்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "யாத்தே, தண்ணி தெருவுல போகுது! ஆம்பளைகிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான்." அவர் என்னவோ பதில் சொன்னார். நாங்கள் இருவரும் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சீப்பைக் கீழே வைத்தேன்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "எர்த் சரியில்லம்மா. மோட்டார் ஓடுனா அந்தப் பழைய மானிட்டர்ல கோடு அடிக்கத்தான் செய்யும். நாளைக்கு வாரேன், வேற லைன் இழுத்து விட்டுருவோம்" என்றார்.

"இப்ப வேண்டாம்ணே. அப்படியே இருக்கட்டும்."

"நல்லா இருக்குன்னா வருத்தப்படுறீக, கோளாறுன்னா இருக்கட்டுங்கிறீக. என்னம்மா ஆளு நீங்க?"

அடுத்த தண்ணீர் நாளில் நான்தான் கீழே போனேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"வருதா?"

"வருதும்மா."

குழாயை அடுத்த டிரம்முக்கு மாற்றினேன். அது நிறைவதற்குள் இன்னொரு முறை கேட்டேன்.