படாத கம்பு

பள்ளி ஆண்டு விழா நெருங்கிய வேளையில் அக்கா தருமபுரம் முக்கில் சைக்கிளோடு விழுந்து வலது மணிக்கட்டைப் பிசக்கிக்கொண்டாள். விழாவில் எங்கள் இருவருக்கும் சிலம்பச் சண்டை. அதற்காகவே வெயில் பாராமல் கம்பு சுற்றியவள் அவள். சுற்றுவதை இடக்கையால் சமாளித்துவிடலாம்; என் அடியைத் தாங்கத்தான் இரண்டு கையும் வேண்டும். "கம்பும் வேணாம், மேடையும் வேணாம்" என்றாள் அம்மா. அக்கா சோற்றைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டும் சித்தப்பா, முகத்திலிருந்த நிலக்கரித் தூசியைக்கூடக் கழுவாமல் தீர்ப்புச் சொன்னார். கம்பு கம்பில் படவே வேண்டாம், ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட வேண்டும். சத்தம் அவர் பொறுப்பு.

மொட்டைமாடியில் ஒத்திகை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சித்தப்பா இரண்டு மூங்கில் துண்டுகளைத் தட்டினார். மழை விட்டும் தூவானம் விடாத கதையாக, வீச்சு முடிந்த பிறகே சத்தம் வந்தது. அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு எப்படி மறுப்பாள்?

"பட்டுச்சுன்னா மேடைக்கே வந்து இழுத்துட்டுப் போயிடுவேன், பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

விழாவன்று சித்தப்பா மேடையோரத் திரைக்குப் பின்னால் மைக் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் ஓங்கி வீசினேன். சடார்! கூட்டம் 'ஆ' என்றது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பை உயர்த்தினாள். மறுபடியும் சடார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி அடிக்குச் சித்தப்பாவுக்கும் உற்சாகம் மிஞ்சிவிட்டது போலும், ஒலிபெருக்கியே அலறியது. முன்வரிசையிலிருந்த அம்மா ஒரே ஓட்டமாக மேடையேறி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"பட்டுடுச்சே! என் கண்ணால பார்த்தேனே!"

"படலம்மா!" என்றாள் அக்கா.

திரையை விலக்கி, மூங்கில் துண்டுகளோடு சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணி, அது நான் தட்டுனது."

"சும்மா இருங்க தம்பி. கம்பு மோதி அதிர்ந்துச்சு. நான் பார்த்தேன்."

இதையெல்லாம் மைக் ஊருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. விசில் பறந்தது. அன்றைக்கு எங்களைவிட அம்மாவுக்குத்தான் கைதட்டல் அதிகம். அக்கா அம்மாவின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பதற்றத்தில் அம்மா புளுகினாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ரகசியம் முழுவதும் தெரிந்தவளுக்குப் படாத கம்பு எப்படிப் பட்டதாகத் தெரியும்? காது சொல்வதைக் கண் நம்பிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

போன வாரம் அக்கா அந்தப் பழைய வீடியோவை அனுப்பினாள். பேருந்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இரண்டு கம்புகளுக்கும் நடுவே தாராளமாக ஒரு சாண் இடைவெளி. வீட்டுக்கு வந்து சத்தத்தோடு பார்த்தேன். கடைசி அடியில் கம்பு கம்போடு மோதி அதிர்ந்தது. என்னையறியாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்குப் பட்டுச்சும்மா" என்றேன்.

"அதைத்தானேடி நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அம்மா.