பனிக்கடல் கதை எழுதியவரின் மகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. தொண்ணூறை நெருங்கிய ஒரு ரஷ்ய அம்மாவைக் கவனிப்பது என் பொறுப்பு. அவருடைய புத்தக அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அட்டைப்படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பல். எழுத்து ரஷ்யன், ஆனால் படம் எனக்கு மனப்பாடம்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலம் மலிவாகக் கிடைத்த அந்தச் சோவியத் சாகச நாவலின் தமிழ்ப் பதிப்பை, என் அண்ணா, ஷெல்லுக்குப் பயந்து பதுங்கியிருக்கும் பங்கருக்குள் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். கப்பல் உடைந்ததும், கால் முறிந்து பின்தங்கிய சமையல்காரனைத் தேடிக் கப்டன் தனியே பனியில் திரும்பிப் போவார். அந்த இடம் வந்தால் அண்ணா அதை இரண்டு தரம் வாசிப்பார்.

பிறகு சண்டை ஊருக்குள் வர, இடம்பெயர்ந்து ஓடினோம். நடக்க முடியாத பக்கத்து வீட்டு ஐயா பின்னால் விடுபட்டுவிட்டார் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போகவேண்டாம் என்று எங்கள் அம்மா அண்ணாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"ஒரு ஆளை விட்டிட்டு வர ஏலுமே அம்மா? நீங்கள் நடவுங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்று போனவர்தான். ஷெல் விழுந்து இரண்டு பேருமே முடிந்தார்கள்.

கதையில் கப்டன் உயிரோடு திரும்பி வந்தார். அந்த எழுத்தாளரை நான் திட்டாத திட்டு இல்லை. பாவி, கண்டறியாத கதை எழுதி என் அண்ணாவைக் கொன்றுபோட்டான்!

"இதை எழுதியது யார்?" என்று அந்தப் புத்தகத்தைக் காட்டி ரஷ்ய அம்மாவிடம் கேட்டேன்.

"என் அப்பா" என்றார் அந்த அம்மா.

கதையில் வருவது உண்மையாக நடந்ததா என்று கேட்டேன். அண்ணா நம்பிப் போனது பொய்யில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

அப்பா கடலையே பார்த்ததில்லையாம். மாஸ்கோவில் ஓர் அறைக்குள் வரைபடத்தை விரித்துவைத்து எழுதியவராம். அவருடைய உயிர் நண்பரை ரகசியப் பொலிஸ் கொண்டுபோன மறுநாள், நண்பரின் மனைவி கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாராம்.

"அப்பா திறக்கவில்லை. நான் சத்தம் போடாதபடி என் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டுவது நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கதையை எழுதினார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கதவு திறக்காத மனிசன் எழுதினதை நம்பியே என்ரை அண்ணா செத்தவர்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அண்ணாவின் பெயரைக் கேட்டு, உச்சரிப்புச் சரியாகும்வரை சொல்லிப் பார்த்தார்.

"அப்பாவால் முடியாததை அவர் செய்திருக்கிறார்" என்றார்.

சில வாரங்களில் அவர் படுத்த படுக்கையானார். கடைசி நாள், ஷிப்ட் முடிந்து பஸ் தரிப்பிடம்வரை போய்விட்டேன். அவருக்கு உறவென்று யாருமில்லை. மனம் கேட்காமல் திரும்பி வந்து, மூச்சு அடங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த எழுத்தாளரை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அன்று ஐயாவைத் தேடித் திரும்பிப் போகாதிருந்தால் அண்ணா இன்று என்னோடு இருந்திருப்பார் என்று மட்டுமே நினைத்து வந்தவளுக்கு, அப்படி இருந்திருந்தால் அந்த எழுத்தாளருக்குக் கதவு தட்டிய சத்தம்போல, விட்டுவந்த ஐயாவின் குரல் அண்ணாவின் காதில் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கும் என்பது அந்த அறையில்தான் விளங்கியது.