ஞானராஜ் அண்ணனின் இடது கை

கம்பெனி பஸ்சுக்காக ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றிருந்தபோது, ஞானராஜ் அண்ணன் குடியிருந்த வீட்டுக்காரம்மா போன் செய்தார். "உங்க அண்ணன் கதவையே தொறக்கலப்பா. ஆளுங்கள வெச்சி ஒடைச்சிப் பாத்தா... போய்ட்டாருப்பா" என்றார். மாரடைப்பு. பஸ் வந்தது, போனது. எனக்கு இடம் பிடித்து வைக்கும் மனிதர் அதில் இல்லை என்பதால் ஏறத் தோன்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, வல்லம் வடகாலில் ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தவர். மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரும்புத் தகடுகளை அழுத்தி வார்ப்பெடுக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் அவர் சிக்னல் மேன், நான் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டித் தொங்கும் கேபினில் நான், தரையில் அவர். டை என்கிற கனத்த இரும்பு அச்சுகளைத் தூக்கி மெஷினில் வைக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். டை சுழலாமல் இருக்க வலது கையில் கயிற்றைப் பிடித்திருப்பார். இடது கையால் பேசுவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல நெருங்கினால் 'மெதுவாக இறக்கு'. கை மூடினால் 'நிறுத்து'.

இன்னொரு சாடையும் உண்டு. டீ நேரத்தில் ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோவார். சாப்பிட்டியா? இதை எந்த சேஃப்டி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. ஷிஃப்ட் முழுக்க அந்தரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது தரையில் நடமாடுகிறவர்களுக்குப் புரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். கூட வர வேறு ஆளில்லாததால் நான் போனேன். அறுவை மருத்துவர் பொறுமையானவர். "முக்கியமான குழாய்க்கு நெஞ்சுக்குள்ள இருக்கற தமனியையே இணைச்சிடுவோம். மத்ததுக்குக் கைத் தமனி எடுக்கலாம், இல்ல கால் சிரை எடுக்கலாம். உங்க வயசுக்குக் கைத் தமனி நல்லது. பொதுவா ரொம்ப வருஷம் அடைக்காம இருக்கும்" என்றார். அண்ணனின் இடது மணிக்கட்டை இருபுறமும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொன்னார். வெளுத்திருந்த உள்ளங்கை, ஒரு பக்கத்தை விட்டதும் சிவந்தது. "கைக்கு ரெண்டு தமனி இருக்கு. ஒண்ண எடுத்தாலும் இன்னொண்ணு ரத்தம் குடுக்கும். நீங்க வலதுகைக்காரர்தானே, இடது கையில எடுத்துடலாம்."

"வெரலு மரத்துப் போகுமா சார்?"

"சிலருக்குக் கட்டைவிரல் பக்கம் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலும்" என்று அண்ணன் திருப்பிச் சொன்னார். "கால்லயே எடுத்துக்கிடுங்க சார். இது நான் பேசுத கை."

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "இன்னாண்ணே, உசுரு பெருசா, சாடை பெருசா? கைய மாத்திக்கினா போச்சு!"

"ஏல, டைக்குப் பக்கத்துல ஆளு நிக்கான். என் வெரலு தப்பாக் காட்டுச்சுன்னா அவன் காலு போயிரும். நீ மேல இருந்து இந்த வெரலத்தான பாக்க?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இந்தக் கையும் இல்லன்னா நான் யாருட்டல பேச?" என்றார்.

காலில்தான் எடுத்தார்கள். கால் வீக்கம் வடிந்ததும் வேலைக்கு வந்தார். அடுத்த ஆண்டே கேபின்களைக் கழற்றிவிட்டு ரிமோட் கொடுத்தார்கள். இப்போது டைக்குப் பக்கத்தில் நடந்தபடி நானே தூக்கி நானே இறக்குகிறேன்; சாடை காட்ட ஆள் வேண்டாம். அண்ணனை டூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஆனாலும் டீ நேரத்தில் ஸ்டோர் வாசலில் அந்த இடது கை குவிந்து வாயருகே போகும். என் இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும், தலையை ஆட்டுவேன்.

அண்ணன் இறந்த பிறகு, கால் சிரைதான் அடைத்துக்கொண்டதா என்று அதே மருத்துவரிடம் கேட்டேன். "இப்ப சொல்ல முடியாதுப்பா. கைத் தமனி வெச்சவங்களுக்கும் இப்படி ஆகறதுண்டு" என்றார். நியாயமான பதில்தான். ஆனாலும் எனக்கு அண்ணன் மேல் கோபம் இருக்கிறது. அந்தக் கையைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஊரிலிருந்து அவர் தங்கை மட்டும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள் நால்வர் கயிறு பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். தலைமாட்டுப் பக்கம் சட்டென்று இறங்கிப் பெட்டி சாய்ந்தது. பக்கத்து ரோட்டில் டிரெய்லர்கள் ஓடிய சத்தத்தில் யார் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. என் இடது கை தானாக உயர்ந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்ல நெருக்கினேன். நால்வரும் என் விரலைப் பார்த்தார்கள். பெட்டி நேராகி, மெதுவாக இறங்கி, மண்ணைத் தொட்டது. கையை மூடினேன்.

மறுநாள் டீ நேரத்தில் என்னை அறியாமல் ஸ்டோர் வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அங்கே யாரும் இல்லை.

இன்னும் சாப்பிடவில்லை அண்ணே. நீங்கள் போய் வாருங்கள்.