எக்ஸ்ரே அக்காவின் பதினோரு மணி ஷோ

எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறை அவருடையது. பக்கத்து அறையில் நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர். "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க" என்று அவர் ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வது எனக்குக் கேட்கும். அந்தக் குரலில் சலிப்பும் இருக்காது, கனிவும் இருக்காது.

அவர் சினிமா விமர்சனம் எழுதுகிறவர் என்பது இரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னக்கா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனை நீட்டினார். 'பதினோரு மணி ஷோ' என்று ஒரு இணையதளம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, நடிகர் படம் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. அப்போது ஊரெல்லாம் ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: 'இடைவேளைக்கு முன்னால் நாயகனின் வலது தோள் எலும்பு உடைகிறது. இடைவேளைக்குப் பிறகு அதே கையால் லாரியை நிறுத்துகிறார். நாம் பாப்கார்ன் வாங்கப் போயிருந்த பத்து நிமிஷத்தில் எலும்பு கூடிவிட்டது போலிருக்கிறது.'

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "யாருக்கா எழுதுறது? உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டேன்.

அக்கா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "நான்தான்" என்றார். பிறகு சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. கணவர் டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளர். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். தளம் ஆரம்பித்த காலத்தில் மகள் மூன்றாம் வகுப்பு. இருவரையும் அனுப்பி, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டுவிட்டு அக்கா பத்து நிமிஷம் நடந்து தியேட்டருக்குப் போவார். பதினோரு மணிக் காட்சிக்குக் கூட்டமே இருக்காது. நடு வரிசையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். வந்த பிறகு, பார்த்த படத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் கிடையாது. கணவருக்கு சினிமா என்றால் தூக்கம். அதனால்தான் எழுத ஆரம்பித்தேன் என்றார். மகளின் படிப்பு மேஜையில், அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் எழுதி முடிப்பார். நட்சத்திரமோ மார்க்கோ போடுவதில்லை. நாலு பத்தி படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எதற்கு விமர்சனம் என்பார்.

படிக்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் முப்பது நாற்பது பேர் விடாமல் வந்தார்கள். வந்தால் சும்மா போகமாட்டார்கள், கீழே சண்டை போட்டுவிட்டுத்தான் போவார்கள். எலும்பு, காயம், கட்டு என்று அக்கா பிட்டுப் பிட்டு வைப்பதைப் பார்த்து, எழுதுகிறவர் ஒரு டாக்டர் என்று அவர்களாக முடிவு கட்டியிருந்தார்கள். 'டாக்டர் சார்' என்றுதான் எழுதுவார்கள்.

"சொல்லிட வேண்டியதுதானே அக்கா?" என்று கேட்டேன்.

"முதல்ல சொல்லணும்னு தோணல. தோணினப்ப நேரமாயிடுச்சு. அதுவுமில்லாம, சார்னு நினைச்சுக்கிட்டு என்கூட வாய்க்கு வாய் சண்டை போடுறாங்க பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. பொம்பளைனு தெரிஞ்சா போனா போகுதுன்னு விட்டுக்கொடுத்துடுவாங்க."

அந்த முப்பது பேரில் ஒருவர் 'ஓரசீட்டு' என்ற புனைபெயரில் எழுதுவார். முதல் வருடத்திலிருந்து வந்தவர். ஒரு படத்தின் முடிவு சரியா தவறா என்று அக்காவும் அவரும் நான்கு நாள் விடாமல் வாதாடியிருக்கிறார்கள். 'சார், நீங்க கண்ணாடிய மாத்துங்க' என்று அவர் எழுதினால், 'நீங்க சீட்ட மாத்துங்க' என்று இவர் எழுதுவார். அன்றைக்கு மதியம் அக்காவைச் சிரிக்க வைத்ததும் ஓரசீட்டுதான். பத்து வருடத்தில் தன்னை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் அவர் என்று அக்கா சொல்வார். மணமாகி இருபத்திரண்டு வருடமான ஒருவர் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ போல் இருந்தது.

கணவரைப் பற்றி அவர் குறையாகப் பேசியதில்லை. குடிக்காத, கைநீட்டாத, கடை விட்டால் வீடு என்று இருக்கிற மனிதர். சொந்தக்காரர்கள் வந்தால், "வாரா வாரம் படத்துக்குப் போறா. நான் ஒரு வார்த்தை கேக்கறதில்ல" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. அக்கா எழுதியதில் ஒரு வரிகூட அவர் படித்தது கிடையாது.

தளத்துக்குப் பத்து வருடம் முடிந்தபோது, எல்லோரும் ஒரு தடவை நேரில் சந்திக்கலாம் என்று ஓரசீட்டு யோசனை சொன்னார். அக்கா ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில், இனியும் ஒளிந்துகொண்டிருக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கணவர், "முன்ன பின்ன தெரியாத ஆம்பளைங்க, நானும் வரேன்" என்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு ஹோட்டலின் மாடியில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து ஓடி வந்தார். காப்பீட்டு முகவர் என்று பிறகு தெரிந்தது. அவர்தான் ஓரசீட்டு. நேராக அக்காவின் கணவரிடம் போய் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சார், பத்து வருஷமாச்சு உங்களப் பாக்க."

கணவர் சிரித்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எழுதுறது நான்தாங்க. இவர் என் வீட்டுக்காரர்" என்றார் அக்கா.

ஓரசீட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "அப்படிப் போடுங்க" என்றார் ஒருவர். ஓரசீட்டு கையை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம், நாங்க எதிர்பார்க்கவே இல்ல" என்றார். அக்கா சிரித்த முகத்தோடுதான் உட்கார்ந்தார். ஓரசீட்டிடம் சொல்ல வேண்டும் என்று ஏதேதோ யோசித்து வைத்திருந்தார், எனக்குத் தெரியும்.

அதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. பேச்சு மெல்ல மெல்ல கணவர் பக்கம் சாய்ந்தது. மேடத்திடம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு எந்த மாதிரிப் படம் சார் பிடிக்கும்?" என்று ஆரம்பித்து, "வீட்ல ரெண்டு பேரும் விவாதிப்பீங்களா சார்?" என்று போயிற்று. கடையில் வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய மனிதர். யார் என்ன கேட்டாலும் மளமளவென்று பதில் சொன்னார். "ம், பேசுவோம். சில விஷயம் நான் சொல்வேன், சில விஷயம் அவ சொல்வா" என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே தளத்தில் பேச்சு மாறியது. சண்டை நின்றது. 'அருமை மேடம்', 'பெண்களின் பார்வையில் நன்றாகச் சொன்னீர்கள்' என்று வந்துபோனார்கள். அக்கா வேண்டுமென்றே, யாரும் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றை எழுதிப் பார்த்தார். 'இருக்கலாம் மேடம்' என்று பதில் வந்தது. பிறகு ஒருவர் எழுதினார்: 'பழைய பதிவுகளில் சார் கை இருந்தது நன்றாகத் தெரிகிறது. சண்டைக்காட்சி, கேமரா பற்றியெல்லாம் அவர்தான் எழுதியிருப்பார்.' இன்னும் நாலு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். எல்லாமே தான் எழுதியது என்று அக்கா இரண்டே வரியில் பதில் சொன்னார். அதற்குக் கீழே ஓரசீட்டு எழுதினார்: 'யார் எழுதினால் என்ன? நமக்கு வேண்டியது எழுத்துதானே. இதைப் போய்ப் பெரிதாக்க வேண்டாமே.'

அன்றைக்கு ஒரு பெரியவருக்கு வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலை எக்ஸ்ரே எடுத்துவிட்டார் அக்கா. அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் கூப்பிட்டுக் கேட்டபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்ப எடுத்துக் கொடுத்தார். என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மத்தவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அந்த ஆளுக்குத் தெரியாதா? பத்து வருஷம் ஒவ்வொரு வரியா பிடிச்சு என்கூட மல்லுக்கட்டின ஆளு. எழுதினது யாருன்னு அவனுக்கு இப்பப் பெருசா தெரியலையாம்."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கல்லூரியில் குறும்படப் போட்டி நடத்தினார்கள். அன்றைக்கு ஹோட்டலில் இருந்த ஒருவர் அங்கே ஆசிரியர். நடுவராக வரச் சொல்லிக் கடிதம் வந்தது, கணவர் பெயருக்கு. 'தங்கள் துணைவியாரும் உடன் வந்தால் மகிழ்வோம்' என்று கடைசியில் ஒரு வரி. கணவர் அதை அக்காவிடம் காட்டுவதற்கு முன்பே சம்மதம் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்ததை அக்கா எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னார்.

"நீங்க எழுதினதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சரி. நான் எழுதினதுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எந்தப் படமா இருந்தாலும் பரவாயில்ல. ஒரே ஒரு வரி."

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"இத்தன வருஷமா வீட்டப் பூட்டிட்டு படத்துக்குப் போறியே, ஏன் எதுக்குன்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? வேற ஒருத்தனா இருந்தா விட்டிருப்பானா? நான் விட்டதாலதானே எழுதின. அப்ப அதுல எனக்குப் பங்கு இல்லையா?"

அக்காவுக்கு அதற்குப் பதில் இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அதற்கப்புறம் இருக்க முடியாது என்று என்னிடம் சொன்னார்.

போட்டி நடந்த அன்று அக்கா விடுப்பு எடுக்கவில்லை. மகள் இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா மேடையில் பேசிய வீடியோவை யாரோ அவளுக்கு அனுப்ப, அவள் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். 'அப்பா கலக்கிட்டாரும்மா' என்று எழுதியிருந்தாள். நாங்கள் இருவரும் எக்ஸ்ரே அறையில் நின்று பார்த்தோம். பொன்னாடை போர்த்திக்கொண்டு கணவர் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். "சோகக் காட்சியில மியூசிக் நமக்கு முன்னாடி அழுதுட்டா, அப்புறம் நாம எதுக்கு அழணும்?" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இது நான் எங்கயும் எழுதல" என்றார் அக்கா. "போன வாரம் துணி மடிக்கும்போது டிவியப் பாத்து சொன்னது. அவர் அப்ப தூங்கறார்னு நினைச்சேன்."

அந்தப் புதன்கிழமை அவர் தளத்தில் கடைசியாக ஒரு பதிவு போட்டார். 'இங்கே இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்களையும் எழுதியவள் நான் ஒருத்தி. வேறு யாரும் ஒரு சொல்கூட எழுதவில்லை.' இவ்வளவுதான். கோபம் வேண்டாம் மேடம், குடும்பம் என்றால் இப்படித்தான், சாரும் நீங்களும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். ஓரசீட்டு எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கா தளத்தை மூடிவிட்டார்.

அத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் போனை நீட்டினார். வேறொரு பெயரில் புதிய தளம். எழுதியவர் என்ற இடத்தில் நல்ல கணீரென்று ஓர் ஆண் பெயர். பழைய படங்களைப் பற்றி எழுதியிருந்தார். கை மாறவே இல்லை, முதல் பத்தியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே முதல் ஆளாக ஓரசீட்டு வந்திருந்தார்.

'சார், ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல எழுத்து. இதற்கு முன் ஒரு தளம் இருந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வீட்டம்மா கைக்குப் போய்க் கெட்டுவிட்டது. ஆனால் ஒன்று, இந்தப் படத்தின் முடிவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.'

"என்னக்கா பதில் போட்டீங்க?"

"முடிவு ஏன் சரின்னு நாலு பத்தி போட்டேன். அவரும் விடல. மூணு நாளா ஓடிக்கிட்டிருக்கு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தியேட்டருக்குப் போறீங்களா இன்னும்?"

"போறேன். எங்க வீட்டுக்காரர் இப்ப புதன்கிழமை லீவு வாங்கிட்டார். கூடவே வரார். படம் முழுக்க என் காதுல விமர்சனம் சொல்றார். அந்தப் படத்தையெல்லாம் நான் எழுதறதில்ல."

எழுதுவதற்கான படங்களை அவர் எக்ஸ்ரே அறையில் சாப்பாட்டு நேரத்தில் போனில்தான் பார்க்கிறார். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், ஒரு படத்துக்கு ஏழெட்டு நாள். கேமராவைப் பற்றி இப்போதெல்லாம் எழுதுவதில்லை. உள்ளங்கை அளவு திரையில் அதெல்லாம் தெரியாது என்றார்.