வரிசையில் விட்ட இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, இலங்கையின் கம்பளைப் பள்ளிவாசலில் அவரைக் கண்டேன். பெயர் கேட்கவில்லை. ஒட்டிய கன்னம், வெளுத்த தொப்பி. எங்கே போனாலும், மீசை முளைத்த தம்பியின் சுண்டுவிரலைப் பிடித்தபடியே நடப்பார். தம்பிக்கு மனம் கலங்கியிருந்தது, நினைத்தாற்போல் சிரிப்பான்.

ஜும்ஆத் தொழுகைக்கு வரிசையாக நின்றபோது அவன் சிரித்தான். அவனுக்கு அடுத்து நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியானது.

"சைத்தான் புடிச்ச ஆளை ஏன் இங்க கூட்டி வாறீங்க? வீட்டுல கட்டி வைங்க" என்றார் பள்ளி நிர்வாகி.

"காய்ச்சல்காரன கட்டி வைப்பீங்களா, ஹாஜியார்? இதுவும் நோவுதான். மருந்தும் குடுக்கிறேன், தொழவும் கூட்டி வருவேன்."

பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வரிசையில இடம் விட்டா சைத்தான் வந்து நிப்பான்னு நீங்கதானே சொல்றது? இந்த இடத்தை விட்டது என்ட தம்பி இல்ல."

இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார். நாங்கள் கை கட்டினோம். தம்பியை நகர்த்தி அண்ணனே அந்த இடத்தை அடைத்திருக்கலாம். செய்யவில்லை. எங்களில் ஒருவர் வந்து அங்கே நிற்கும்வரை, அவர் கை கட்டாமலே நின்றார்.